ஜப்பானிய செல்விட்ஜ் ஜீன்ஸ்: வாங்கும் முன் அளப்பது, வாங்கிய பின் துவைப்பது

செமினி: ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் தாமான்கள் எழுந்துவிட்ட செமினியில், பல்கலைக்கழக மாணவர் முதல் மோட்டார் சைக்கிளில் காஜாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போகிறவர் வரை எல்லாருக்கும் பொதுவான சிலுவார் ஜீன்ஸ்தான். அதிலேயே விலை கூடிய ஒரு வகை, ஜப்பானில் பழைய தறிகளில் நெய்து, துவைக்காமலேயே விற்கப்படும் செல்விட்ஜ் டெனிம். தரமான ஒன்றின் விலை சுமார் 800 முதல் 1,200 வெள்ளி வரை போகும். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரருக்கு ஒரே சிலுவார் அரை மாத உழைப்பை விழுங்கிவிடும்.

விலையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. துவைக்காத டெனிம் முதல் நனைப்பில் சுருங்கும். அளவு தவறாக வாங்கி, தண்ணீரில் போட்ட பிறகு அதைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே இந்த ஜீன்ஸை வாங்க நினைக்கும் இளையோரும், பிள்ளைகள் கேட்கிறார்களே என்று யோசிக்கும் பெற்றோரும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே தரப்படுகின்றன.

செல்விட்ஜ் என்பது கரை

வேட்டி, புடவை கட்டுகிறவர்களுக்குச் செல்விட்ஜை விளக்குவது எளிது. அது துணியின் கரை. பழைய நாடாத் தறியில் ஊடை நூல் நாடாவோடு சேர்ந்து இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் போய் வருகிறது. ஓரத்தில் நூல் அறுபடாமல் திரும்புவதால் கரை தானாகவே மூடிக்கொள்கிறது, பிரிவதில்லை. இன்றைய நாடா இல்லாத் தறிகளில் ஊடை நூல் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் வெட்டப்படுகிறது. அதனால் அந்தத் துணியின் ஓரம் பிசிறாக இருக்கும். தைக்கும்போது அதை நூலால் பூட்டியாக வேண்டும்.

நாடாத் தறித் துணியின் அகலம் சுமார் 28 முதல் 32 அங்குலம்தான். புதிய தறிகள் அதைப் போல இரண்டு மடங்கு அகலத்தில், பல மடங்கு வேகத்தில் நெய்துவிடும். மெதுவாக நெய்வதாலும், அகலம் குறைவாக இருப்பதால் ஒரு சிலுவாருக்கு அதிக நீளத் துணி தேவைப்படுவதாலும் செல்விட்ஜ் விலை ஏறுகிறது. ஜீன்ஸின் கால் ஓரத்தை மடித்துப் பார்த்தால் வெளித் தையலின் உள்பக்கம் வெள்ளைக் கரை தெரியும். அதன் நடுவே பெரும்பாலும் ஒரு சிவப்பு நூல் ஓடும். எந்த வாடிக்கையாளருக்கு நெய்த துணி என்று ஆலைகள் அடையாளம் காண இட்ட நூல் அது. அமெரிக்காவின் கோன் ஆலை லீவைஸ் நிறுவனத்துக்கு நெய்த துணியில் சிவப்பு நூல் இருந்தது. இன்று உலகம் முழுவதும் அதையே பின்பற்றுகிறார்கள்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கரை மட்டுமே தரத்துக்குச் சான்று ஆகாது. மட்டமான நூலிலும் நாடாத் தறியில் நெய்யலாம். சிவப்பு நூல் இருந்தால் ஜப்பானியத் துணி என்றும் ஆகாது. சீனா, துருக்கி, பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலும், இந்தியாவில் அகமதாபாத்தின் அர்விந்த் போன்ற ஆலைகளிலும் செல்விட்ஜ் நெய்யப்படுகிறது. சாதாரண ஜீன்ஸில் கரை போன்ற பட்டியை ஒட்டுத் தையலாகப் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

துவைக்காத டெனிம் என்றால், தறியிலிருந்து இறங்கிய துணி கஞ்சியோடு அப்படியே தைக்கப்பட்டது என்று பொருள். கஞ்சி போட்ட வேட்டி எப்படி விறைத்து நிற்குமோ அப்படித்தான் இதுவும் நிற்கும். கடைகளில் தொங்கும் சாதாரண ஜீன்ஸ், கல்லோடும் நொதிகளோடும் சுழற்றித் துவைக்கப்பட்டு, பழையதுபோல் ஆக்கப்பட்டு வருகிறது. துவைக்காத ஜீன்ஸில் அந்த வேலையை அணிகிறவரின் உடம்பே செய்கிறது. தொடையில் விழும் மடிப்பும் பாக்கெட்டில் கைப்பேசி பதியும் தடமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இதற்காகத்தான் பலர் இதை விரும்புகிறார்கள்.

நீலம் நமக்குப் புதிதல்ல

டெனிமின் நீலம் அவுரியிலிருந்து வந்தது. பாவு நூல் மட்டும் நீலத்தில் தோய்க்கப்படும். ஊடை நூல் வெள்ளையாகவே இருக்கும். அதனால்தான் ஜீன்ஸின் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளுப்பாகவும் இருக்கிறது. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. அதைத் தொட்டியில் ஆக்சிஜன் நீக்கிக் கரைய வைத்து, நூலைத் தோய்த்து, வெளியே எடுத்துக் காற்றில் காட்ட வேண்டும். காற்றுப் பட்டதும் நூல் பச்சையிலிருந்து நீலமாகும். நூலைக் கயிறுபோல் திரித்துப் பலமுறை இப்படித் தோய்த்தாலும் சாயம் மேற்பரப்பிலேயே தங்கும். நூலின் நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். அணிய அணிய மேல் நீலம் தேய்ந்து உள்வெள்ளை தெரிவதுதான் ஜீன்ஸ் வெளுப்பதன் இரகசியம்.

இந்த நீலத் துணி வாணிபத்தில் தமிழ்நாட்டுக் கரையோரத்துக்கும் பங்கு உண்டு. புதுச்சேரியில் அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் 'கினே' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, குறிப்பாக செனகலுக்கு, ஏற்றுமதி செய்தார்கள். 'டங்கரி' என்ற ஆங்கிலச் சொல்லும் மும்பையின் டோங்ரி பகுதியில் விற்ற முரட்டுத் துணியின் பெயரிலிருந்து பிறந்ததுதான். 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இந்திய அவுரி வாணிபம் சரிந்தது. இன்று உலகின் ஜீன்ஸ் பெரும்பாலும் செயற்கை நீலத்தில்தான் தோய்க்கப்படுகிறது. ஆனாலும் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் அவுரி இன்றும் பயிராகிறது. இயற்கை நீலம் என்று சீட்டில் போட்டு, அதற்காகக் கூடுதல் விலை கேட்கும் ஜீன்ஸும் உண்டு. அணிவதில் பெரிய வேறுபாடு இல்லை. விலையில்தான் வேறுபாடு.

ஜீன்ஸ் பிறந்ததே உழைப்பாளிக்காக. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ நகரத் தையல்காரர் ஜேக்கப் டேவிஸ், பாக்கெட் கிழியாமலிருக்கச் செம்பு ஆணிகளை அடித்தார். அவரும் துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873 மே 20-ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். மரம் சீவப் போகும்போது உடுத்தவென்று தனியே ஒரு பழைய உடுப்பை வைத்திருந்த தோட்டப்புறக் குடும்பங்களுக்கு, வேலைக்கென்று ஒரு முரட்டு உடை என்பது புரியாத விஷயம் அல்ல.

ஜப்பான் எப்படி முன்னணிக்கு வந்தது?

ஜப்பானின் ஒக்காயாமா மாநிலத்தில் குராஷிகி நகரைச் சேர்ந்த கொஜிமா, பள்ளிச் சீருடை தைப்பதில் பேர்பெற்ற ஊர். அங்குள்ள மாருவோ நிறுவனம் 1965-ஆம் ஆண்டு அமெரிக்கத் துணியை இறக்குமதி செய்து ஜீன்ஸ் தைக்கத் தொடங்கியது. பின்னர் பிக் ஜான் என்ற பெயரில் சொந்த ஜீன்ஸைக் கொண்டுவந்தது. 1973-இல் குராபோ ஆலையின் கே.டி.-8 என்ற டெனிம் வந்தபோது ஜப்பானுக்கே உரிய டெனிம் துணி கிடைத்தது. ஹிரோஷிமா மாநிலத்தின் கைஹாரா நிறுவனம் 1893-இல் தொடங்கியது. முதலில் கிமோனோவுக்கான அவுரித் துணி நெய்த அந்தக் குடும்பத் தொழில், பிறகு நூலைக் கயிறாகத் திரித்துச் சாயம் தோய்க்கும் இயந்திரத்தை அமைத்து டெனிமுக்கு மாறியது.

1979-இல் ஒசாகாவில் ஸ்டூடியோ டார்ட்டிசான், 1991-இல் அதே நகரில் எவிசு எனச் சிறு நிறுவனங்கள் தோன்றின. பழைய அமெரிக்க ஜீன்ஸைப் பிரித்துப் பார்த்து, அதன் நூலையும் நெசவையும் தையலையும் மீண்டும் உருவாக்குவதே இவற்றின் நோக்கம். அமெரிக்கா கைவிட்ட தறிகளை ஜப்பான் மொத்தமாக வாங்கிக்கொண்டது என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் இந்தத் துணிகள் பெரும்பாலும் ஜப்பானின் சொந்தத் தறிகளில், முக்கியமாகத் தொயோடா தறிகளில் நெய்யப்படுபவை. 1924-இல் தானியங்கி நாடாத் தறியை நிறைவு செய்த சாக்கிச்சி தொயோடாவின் அந்த நிறுவனத்திலிருந்துதான் பிறகு தொயோத்தா கார் நிறுவனம் கிளைத்தது. அமெரிக்காவில் செல்விட்ஜ் நெய்துகொண்டிருந்த கோன் நிறுவனத்தின் வைட் ஓக் ஆலை 2017 முடிவில் மூடப்பட்டது. அதன் பிறகு ஜப்பானின் இடம் மேலும் உறுதியானது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே வாங்கலாம்?

செமினிக்காரர்களுக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பேரங்காடிக் கடைகள். 2010-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் கடையைத் திறந்த யுனிக்லோ, கைஹாரா ஆலைத் துணியில் தைத்த செல்விட்ஜ் ஜீன்ஸை விற்றுவருகிறது. சிறு ஜப்பானிய நிறுவனங்களின் விலையோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய கால்வாசிதான். தையல் ஜப்பானில் நடப்பதில்லை. சில வகைகளில் நீட்சி நூலும் கலந்திருக்கும் என்பதால் உள்சீட்டைப் படிக்க வேண்டும். போட்டுப் பார்த்து வாங்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. செல்விட்ஜ் தனக்குப் பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்க இதுவே போதும்.

இரண்டாவது, பண்டல் கடைகள். ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகள் மலேசியாவில் பல காலமாக விற்கப்படுகின்றன. ஜப்பானின் புக்ஆஃப் நிறுவனமே 2016-இல் ஜாலான் ஜாலான் ஜப்பான் என்ற பெயரில் இங்கு கடை திறந்தது. பண்டலில் கிடைக்கும் ஜீன்ஸுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது சுருங்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. அளவு நாடாவில் காட்டும் அளவுதான் இனி அதன் அளவு. கால் ஓரத்தை மடித்துக் கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்சீட்டில் 100 விழுக்காடு பருத்தியா என்று பார்க்க வேண்டும். கவட்டைப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துணி மெலிந்திருப்பது தெரியும். மற்ற இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே வெளிச்சம் ஊடுருவினால் அந்த ஜீன்ஸ் நெடுநாள் தாங்காது. எவிசுவின் கடற்புறா வரைந்த பாக்கெட் போல அதிகம் போலி செய்யப்பட்டவையும் உண்டு. ஆகவே பாக்கெட்டைப் பார்த்து விலை கொடுக்காமல் துணியையும் தையலையும் பார்த்துக் கொடுப்பதே நல்லது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் துவைத்துவிட்டுத்தான் அணிய வேண்டும்.

மூன்றாவது, ஜப்பானிலிருந்து இணையவழி வாங்குவது. விலை யென்னில் குறைவாகத் தெரிந்தாலும் அஞ்சல் செலவும் வரியும் சேரும். 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளை இணையம்வழி வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேற்பட்ட பொருளுக்குச் சுங்கத்தில் கணக்கிடும் வரிகள் பொருந்தும். அளவு பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவும் வாங்கியவர் தலையில்தான் விழும். முதல் ஜீன்ஸை இந்த வழியில் வாங்காமல் இருப்பதே நல்லது.

எடை: நம் வெயிலுக்கு எது?

டெனிமின் எடையை ஒரு சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 14 அவுன்ஸ் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 475 கிராம். 21 அவுன்ஸ் வரையிலும், அதற்கு மேலும் நெய்யும் நிறுவனங்கள் உண்டு. அவை குளிர்நாட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு ஏற்றவை.

பகலில் 32, 33 பாகை வெப்பமும் ஆண்டு முழுவதும் ஈரக் காற்றும் உள்ள இங்கு 10 முதல் 13 அவுன்ஸ் போதும். 14 அவுன்ஸ் குளிரூட்டிய அலுவலகத்துக்குச் சரி. வெயிலில் பேருந்துக்கு நிற்பவருக்குச் சிரமம்தான். கனமான துணியில்தான் வெளுப்பு அழகாக விழும் என்று சொல்லப்படுவதை நம்பி 18 அவுன்ஸ் வாங்கியவர், அதை அலமாரியில் வைத்திருந்தால் ஒரு மடிப்பும் விழாது. அடிக்கடி அணிய முடிகிற ஜீன்ஸில்தான் வெளுப்பு வரும்.

அளவு: சீட்டை நம்பாமல் நாடாவை நம்புதல்

சீட்டில் 32 என்று இருக்கும் ஜீன்ஸின் இடுப்பு நாடாவில் 34 காட்டுவது வழக்கம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை செய்ய வேண்டும். இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் ஜீன்ஸை எடுத்து, பட்டன் போட்டு, தரையில் சமமாக விரித்து ஐந்து அளவுகளை எழுதிக்கொள்ள வேண்டும்.

1. இடுப்பு: முன், பின் பட்டைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளந்து இரண்டால் பெருக்க வேண்டும்.

2. முன் உயரம்: நான்கு தையல்களும் சேரும் கவட்டையிலிருந்து முன்பட்டையின் மேல் ஓரம் வரை.

3. தொடை: கவட்டைக்கு ஓர் அங்குலம் கீழே குறுக்காக.

4. கால் முனை: அடி மடிப்பின் அகலம்.

5. உள்கால் நீளம்: கவட்டையிலிருந்து அடி மடிப்பு வரை.

இந்த ஐந்தையும் கடையின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அந்தப் பட்டியல் நனைப்பதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று கட்டாயம் கேட்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்தக் கேள்வியைத்தான்.

துணியில் இரண்டு வகை உண்டு. சான்ஃபரைஸ் செய்த துணி ஆலையிலேயே நீராவியில் சுருக்கப்பட்டது. நனைத்தால் 1 முதல் 3 விழுக்காடுதான் சுருங்கும். சான்ஃபரைஸ் செய்யாத துணி 7 முதல் 10 விழுக்காடு வரை சுருங்கலாம். 34 அங்குல உள்கால் நீளமுள்ள ஜீன்ஸ் 8 விழுக்காடு சுருங்கினால் 31 அங்குலம் சொச்சம்தான் மிஞ்சும். முதல் முறை வாங்குகிறவருக்கு ஏற்றது, 'ஒன் வாஷ்' என்று குறிப்பிட்டு ஆலையிலேயே ஒருமுறை நனைத்து உலர்த்திய ஜீன்ஸ். நீலம் அப்படியே இருக்கும். சுருங்கும் அபாயம் பெரும்பாலும் போய்விடும்.

போட்டுப் பார்க்கும்போது இடுப்பு சற்று இறுக்கமாக இருக்கலாம். சில வாரம் அணிந்தால் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை இளகும். ஆனால் தொடையும் முன் உயரமும் அப்படி அல்ல. அங்கே இறுக்கமாக இருந்தால் விட்டுவிட வேண்டும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் மட்டும் போதாது. மோட்டார் சைக்கிளில் ஏறுவதுபோல் காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். கோயிலிலும் விருந்திலும் தரையில் உட்காரும் பழக்கம் உள்ள நமக்கு, மெலிந்த கால் வைத்த ஜீன்ஸைவிட நேர்க்கால் ஜீன்ஸே தோதானது.

முதல் நனைப்பும் தையல் கடையும்

முற்றிலும் துவைக்காத ஜீன்ஸாக இருந்தால், கால் நீளத்தை வெட்டுவதற்கு முன் நனைத்தாக வேண்டும். வெட்டிய பிறகு நனைத்தால் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, பட்டன்களைப் போட்டு, பெரிய வாளியில் கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைக்கலாம். சவர்க்காரம் வேண்டாம். தண்ணீர் நீலமாக மாறும், பயப்பட வேண்டியதில்லை. முறுக்கிப் பிழியாமல், இடுப்புப் பட்டையைப் பிடித்து நிழலில் தொங்கவிட வேண்டும்.

உலர்ந்த பின் இரண்டு மூன்று நாள் கால் ஓரத்தை மடித்துவிட்டு அணிய வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு விழுந்து நீளம் இன்னும் சற்று ஏறும். அதன் பிறகு தையல் கடைக்குப் போகலாம். காஜாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய்ச் சேரக்கூடிய பிரிக்பீல்ட்ஸ், அல்லது மஸ்ஜித் இந்தியா, கிள்ளான் லிட்டில் இந்தியா என எங்கு கொடுத்தாலும் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். அணிகிற காலணியோடு நின்று நீளம் குறிக்க வேண்டும். தடித்த பருத்தி நூலில் பழைய நூலின் நிறத்திலேயே தைக்க வேண்டும். வெட்டிய துண்டைத் திருப்பித் தர வேண்டும். பிற்காலத்தில் ஒட்டுப்போட அந்தத் துண்டுதான் பயன்படும்.

அடி மடிப்பைச் சங்கிலித் தையலில்தான் போட வேண்டும் என்று ஆர்வலர்கள் சொல்வார்கள். அந்தத் தையலில் அடி ஓரம் கயிறு முறுக்கியதுபோல் அலையலையாக வெளுக்கும். அதற்கென்று தனி இயந்திரம் வேண்டும். சாதாரணத் தையலும் உறுதியானதுதான். அந்த அலைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது அவரவர் விருப்பம்.

துவைக்கலாமா, கூடாதா?

ஆறு மாதம் துவைக்கவே கூடாது என்பது இந்த ஜீன்ஸைப் பற்றி அதிகம் பரவிய அறிவுரை. 2014-இல் லீவைஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த சிப் பெர்க், தாம் அணிந்திருந்த ஜீன்ஸை ஓராண்டாகத் துவைக்கவில்லை என்று மேடையில் சொன்னது பெரிய செய்தியானது. அதற்கு முன் 2011-இல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் 15 மாதம் துவைக்காமல் அணிந்த ஜீன்ஸைச் சோதித்தார்கள். பிறகு அதே ஜீன்ஸைத் துவைத்து, ஏறக்குறைய இரண்டு வாரம் அணிந்ததும் மீண்டும் சோதித்தார்கள். இரண்டு முறையும் கிருமிகளின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் உள்ள எட்மண்டன் நகரம் குளிரும் வறட்சியும் மிகுந்தது. செமினியின் காலைப் பனி ஈரத்திலும் மதிய வெயிலிலும் வியர்த்து, மாலை மழையில் நனைந்து வருகிறவரின் ஜீன்ஸுக்கு அந்தச் சோதனை பொருந்தாது. ஈரமும் இறுக்கமும் சேர்ந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை வரும். வியர்வையும் அழுக்கும் உராய்வும் சேர்ந்தால் கவட்டைத் துணி சீக்கிரம் அறும். துவைக்காமல் வைத்திருந்து கிழிந்துபோன ஜீன்ஸில் எவ்வளவு அழகான வெளுப்பு இருந்தும் பயனில்லை.

நம் ஊருக்கு ஏற்ற கணக்கு எளிது. நாற்றம் வந்தால், அழுக்குத் தெரிந்தால், வியர்வையில் முழுக்க நனைந்தால் துவைக்க வேண்டும். அன்றாடம் அணிகிறவருக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த தண்ணீரில், உள்பக்கம் வெளியே திருப்பி, வெளுப்பான் கலக்காத சவர்க்காரத்தில் கையால் அலசினால் நீலம் அதிகம் போகாது. இயந்திரத்தில் போட்டால் மென்மையான சுழற்சியில், தனியாகப் போட வேண்டும். உலர்த்தும் இயந்திரம் வேண்டாம். நேரடி வெயிலும் வேண்டாம். மழைக்காலத்தில் காற்றாடியின் கீழ் தொங்கவிட வேண்டும். அரை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அணிந்த நாள் இரவில் கதவுக்குப் பின்னால் சுருட்டிப் போடாமல் காற்றுப்படத் தொங்கவிட்டால் துவைக்க வேண்டிய இடைவெளி தானாகவே நீளும்.

முதல் சில மாதங்களுக்குச் சாயம் ஒட்டும். வெள்ளைச் சப்பாத்து, வெளிர் நிறக் கார் இருக்கை, மற்றவர் வீட்டுச் சோபா, குழந்தையைத் தூக்கி வைக்கும் மடி ஆகியவற்றில் கவனம் வேண்டும்.

கவட்டையில் நூல்கள் மெலிந்து வெள்ளையாகத் தெரியும்போதே தைத்துவிட வேண்டும். ஓட்டை விழும்வரை காத்திருந்தால் வேலையும் கூலியும் இரட்டிப்பாகும். முன்பு வெட்டி வாங்கி வைத்த துண்டை உள்ளே வைத்து, முன்னும் பின்னுமாக நெருக்கமாக ஓட்டினால் போதும். இதற்கு நிபுணர் தேவையில்லை. பக்கத்துத் தாமானில் வீட்டில் தைக்கும் அக்காவுக்கே கைவரும் வேலைதான்.

பணத்தின் கணக்கு

நெடுநாள் உழைப்பதால் இந்த ஜீன்ஸ் கடைசியில் மலிவு என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 900 வெள்ளி ஜீன்ஸை வாரம் மூன்று நாள் வீதம் நான்கு ஆண்டு அணிந்தால் 624 முறை. ஒரு முறைக்கு 1 வெள்ளி 44 காசு. 70 வெள்ளி ஜீன்ஸ் அதே கணக்கில் ஓராண்டு மட்டுமே உழைத்தாலும் 156 முறை. ஒரு முறைக்கு 45 காசுதான். பண்டலில் 120 வெள்ளிக்கு வாங்கிய நல்ல செல்விட்ஜ் மூன்று ஆண்டு உழைத்தால் 26 காசு. ஆகவே சிக்கனம் என்பது விலையுயர்ந்த ஜீன்ஸை வாங்கக் காரணம் ஆகாது. துணியும் நெசவும் பிடித்து, தன் உடம்பின் தடம் பதிவதில் மகிழ்ச்சி இருந்து, கையில் மிச்சப் பணமும் இருந்தால் வாங்கலாம். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' தவணையில் வாங்க வேண்டிய பொருள் இது அல்ல.

முதல் முறை வாங்குகிறவர் கீழ்க்கண்ட வரிசையில் போனால் பணம் வீணாகாது. வீட்டில் உள்ள நல்ல ஜீன்ஸை அளந்து அளவைக் கைப்பேசியில் எழுதி வைக்க வேண்டும். பண்டலிலோ பேரங்காடியிலோ மலிவான செல்விட்ஜ் ஒன்றை வாங்கி ஆறு மாதம் அணிந்து பார்க்க வேண்டும். அது அலமாரியிலேயே கிடந்தால் ஆசை அத்தோடு தீர்ந்தது, செலவும் குறைவு. வாரத்துக்கு மூன்று நாள் கால் தானாகவே அதற்குள் போனால், அப்போது 12 அல்லது 13 அவுன்ஸில், ஒருமுறை நனைத்த, நேர்க்கால் ஜீன்ஸ் ஒன்றுக்கு மாதாமாதம் பணம் சேர்க்கத் தொடங்கலாம். சேர்க்கிற அந்த மாதங்களில் பழைய ஜீன்ஸிலும் தொடை மடிப்பு வெளுத்துக்கொண்டுதான் இருக்கும்.